நத்தார் தாத்தாவின் கடிதத்தை இப்போதே தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கார்த்திகை (நவம்பர்) பிறந்ததும் ரொறன்ரோப் பகுதித் தமிழ் வகுப்புகளிலும் தேவாலய மண்டபங்களிலும் நத்தார் விழா ஏற்பாடுகள் தொடங்கிவிடும். மண்டபத்துக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், பரிசுப் பொதிக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு நத்தார் தாத்தா எழுதும் கடிதத்துக்கு மட்டும் ஆள் இருக்காது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது யாரோ ஒருவர் கணினியில் ஒன்றை அடித்து, பெயரை மட்டும் மாற்றி நாற்பது பிரதி எடுப்பார். பிள்ளைகள் உறையைக் கிழித்து, பெயரைப் பார்த்துவிட்டு, தாளை மேசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். இதை நன்றாகச் செய்ய முடியும், செலவும் சொற்பம். ஆனால் ஐந்து வாரம் வேண்டும். அதனால்தான் இப்போது எழுதுகிறோம்.

பெற்றோர் முதலில் நினைப்பது கனடா போஸ்ட் வழியைத்தான்: பிள்ளை தாத்தாவுக்கு எழுதிப் போட்டால் தாத்தா பெயரில் தபாலில் பதில் வரும். 1974இல் மொன்றியல் தபால் ஊழியர்கள் சிலர் தாங்களாகவே பதில் எழுதத் தொடங்கிய வேலை அது. இன்று பணியிலுள்ளவர்களும் ஓய்வுபெற்றவர்களுமாகத் தொண்டர்கள் வருடந்தோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பதில் அனுப்புகிறார்கள். சான்ரா குளோஸ், நோர்த் போல், எச்0எச் 0எச்0, கனடா என்பது முகவரி. குறியீட்டில் எச் எழுத்துகளுக்கு இடையில் வருவது பூச்சியம். ஆங்கில ஓ எழுத்து கனடாத் தபால் குறியீடுகளில் எங்குமே கிடையாது. நாட்டுக்குள்ளிருந்து அனுப்பினால் முத்திரை தேவையில்லை. பதில் வராமற்போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: அனுப்புபவரின் முகவரி இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது. பிள்ளை ஆசையாகப் படம் கீறி, பட்டியல் எழுதி, தன் பெயரை மட்டும் போட்டு மூடிவிடும். கடிதத்தாளிலும் உறையின் இடது மேல் மூலையிலும் முழு முகவரியைப் பெரியவர்களே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அடுக்குமாடியானால் வீட்டிலக்கம் முதலில், பிறகு ஒரு சிறு கோடு, பிறகு கட்டட இலக்கம். பேஸ்மென்ற்றில் இருப்பவர்கள் அந்த யூனிற்றைக் குறிப்பிட மறக்கக்கூடாது. உறைக்குள் பிஸ்கற், மினுக்கம், பொத்தான் ஒன்றும் வேண்டாம். சாதாரணக் கடிதத்துக்கு 5 மில்லிமீற்றர்தான் தடிப்பு எல்லை. முண்டும் முடிச்சுமான உறை பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிக் கிழியும்.

கடைசித் திகதியை ஒவ்வொரு வருடமும் கனடா போஸ்ட் அறிவிக்கும். வழமையாக அது மார்கழி (டிசம்பர்) முற்பகுதியில் வரும். கார்த்திகை நடுவிலேயே போட்டுவிடுவது புத்தி. இருந்தும் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2024இல் கார்த்திகை 15 முதல் மார்கழி 17 வரை தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம் நடந்ததை எந்தப் பெற்றோரும் மறந்திருக்க மாட்டார்கள். பதிலில் பெரும்பகுதி அச்சிட்ட கடிதமாகவே இருக்கும் என்பதும் இயல்பு; இத்தனை இலட்சத்தில் வேறு வழியில்லை. பிள்ளையின் வீட்டை அறிந்த கடிதம் ஊரவர் கையால்தான் வர வேண்டும்.

அந்தக் கடிதத்தின் உயிர் ஒரு வரியில் இருக்கிறது. “இந்த வருடம் நீ மிக நல்ல பிள்ளையாக இருந்தாய்” என்பதை எவருக்கும் எழுதலாம். “பக்கத்துச் சின்னச் சில்லுகளைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் ஓடுகிறாயாமே, முழங்கால் காயம் ஆறிவிட்டதா?” என்பதை ஒரு பிள்ளைக்குத்தான் எழுத முடியும். அதை வாசித்ததும் பிள்ளை குனிந்து தன் முழங்காலைப் பார்க்கும். அந்த வரியைத் தரக்கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே. ஆகவே கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு பக்கப் படிவம் கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், அதைப் பெற்றோர் எழுதும் எழுத்துக்கூட்டல் (தர்ஷனைத் தர்சன் என்று எழுதினால் ஏழு வயதுப் பிள்ளை கடிதம் வேறு யாருக்கோ என்று திருப்பிக் கொடுக்கும்), வயது, வீட்டில் யார் யார், இந்த வருடம் பிள்ளை புதிதாகப் பழகிய ஒன்று, இப்போது பயப்படுகிற ஒன்று, பேசவே கூடாத ஒன்று. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அம்மம்மா புரட்டாதியில் தவறியிருக்கலாம். அப்பா வேறு வீட்டில் இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு “அப்பா அம்மாவோடு மரம் சோடித்தாயா” என்று எழுதுவது கொடுமை.

உறவுமுறையையும் கேட்டு எழுதுங்கள். அம்மம்மா என்று அழைக்கிற பிள்ளைக்குப் பாட்டி என்றால் அது கதைப்புத்தகத்தில் வருகிற ஆள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் அப்பம்மா, தமிழ்நாட்டுக் குடும்பத்தில் பாட்டி அல்லது ஆச்சி. தாத்தாவையே நத்தார் தாத்தா என்பதா, கிறிஸ்மஸ் தாத்தா என்பதா என்று அந்த வீட்டு வழக்கத்தைக் கேளுங்கள். தாத்தா கடிதமே வேண்டாம் என்கிற கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைக்கு வகுப்பு ஆசிரியர் பெயரில் நத்தார் வாழ்த்துக் கடிதம் அதே தாளில், அதே நீளத்தில் எழுதினால் போதும். கைவிடப்பட்டதாக எந்தப் பிள்ளையும் உணராது.

அச்செடுத்தால் வேலை சுலபம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது எழுத்துரு. பெற்றோர் கைபேசியில் நிரப்பும் பெயர்கள் யூனிகோட்டில் வரும். மாதிரிக் கடிதம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், பட்டியலிலிருந்து பெயர்களைக் கணினியே நிரப்பும் மெயில் மேர்ஜ் செய்யும்போது பெயர் வரவேண்டிய இடம் குழம்பிப்போகும். எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது தமிழின் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் பெயரை எங்கே செருகினாலும் நிற்கும். தமிழில் கவின் கவினுக்கு ஆவான், நிலா நிலாவுக்கு ஆவாள். பெயருக்குப் பின்னால் வெறுமனே “க்கு” ஒட்டும் மாதிரி “நிலாக்கு” என்று துப்பும். “தம்பி வந்தான்” என்ற வரி தங்கை உள்ள வீட்டிலும் அப்படியே போய்விடும். அச்சுக் கடிதம்தான் என்று முடிவெடுத்தால் பெயரை “அன்பின் கவின்,” என்று விளியாக ஒரே இடத்தில் தனியே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கான இரண்டு மூன்று வரிகளுக்குக் கீழே இடம் விட்டு அவற்றைக் கையால் எழுதுங்கள்.

முழுவதும் கையால் எழுதுவதே எங்கள் விருப்பம். நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்து பேர், ஆளுக்கு எட்டு. ஒரு கடிதத்துக்கு இருபது நிமிடம் என்றால் மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும். அதையும் இரண்டு அமர்வாகப் பிரியுங்கள், எட்டாவது கடிதத்தில் கை களைத்து எழுத்து சிறுத்துவிடும். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவரே, ஒரே அமர்வில் எழுத வேண்டும். அக்காவுக்கு ஒரு பக்கம், தம்பிக்கு ஐந்து வரி என்றால் அன்றிரவே வழக்கு. தன் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஆசிரியர் எழுதக்கூடாது; கரும்பலகையில் தினமும் பார்க்கிற கையெழுத்தை ஆறு வயதில் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்புகளை மாற்றிப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பரிசு சுற்றும் தாளில் கடிதம் எழுதுவதும் அப்படித்தான் பிடிபடும். தாள் சதுர மீற்றருக்கு 100 கிராம் (100 gsm) அளவு தடிப்பில் இருந்தால் மை பின்பக்கம் ஊறாது.

நீளம் வயதைப் பொறுத்தது. ஜேகே, எஸ்கே எனப்படும் பாலர் வகுப்புப் பிள்ளைக்கு அம்மா வாசித்துக் காட்டுவார். ஆகவே காதுக்கு எழுதுங்கள், நூறு சொல்லுக்கு மேல் போகவேண்டாம். முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும் என்றால் நாற்பது, ஐம்பது சொல் போதும். பெரிய எழுத்து, வரிகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி, “மகிழ்வெய்துகிறேன்” போன்ற சொல் ஒன்றும் வேண்டாம், “சந்தோசம்” போதும். தமிழில் வந்த ஒரு கடிதத்தைத் தானே வாசித்து முடித்தேன் என்பது இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குச் சின்ன விடயமில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலத்திலேயே எழுதி, பெயரையும் கடைசி வாழ்த்தையும் மட்டும் தமிழில் எழுதலாம்.

பரிசை வாக்குக் கொடுக்கவே கூடாது. பெற்றோர் என்ன வாங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வாங்க வசதியிருக்கிறதா என்றும் தெரியாது. பிரான்ஸில் 1962இல் தபால் அமைச்சு இப்படிப் பதில் அனுப்பத் தொடங்கியபோது முதற்கடிதத்தை எழுதியவர் பிள்ளைகளின் மனதை ஆராய்ந்த மருத்துவர் பிரான்சுவாஸ் டோல்டோ. அமைச்சர் அவருடைய தம்பி. கேட்டதைக் கொண்டுவர முடியுமோ தெரியாது, முயல்கிறேன், எனக்கு வயதாகிவிட்டதால் சிலவேளை தவறிவிடும் என்று அதில் தாத்தா ஒப்புக்கொள்கிறார். ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கு எழுதினாலும் ஐந்து பிள்ளைகளுக்கு எழுதினாலும் அதுதான் சரியான தொனி. “குழப்படி செய்தால் வரமாட்டேன்” என்று எழுதித் தரும்படி சில பெற்றோர் கேட்பார்கள். தயவாக மறுத்துவிடுங்கள். அடம்பிடிப்பைக் கண்டிப்பது வீட்டு வேலை, அதைத் தாத்தாவின் தலையில் கட்டக்கூடாது.

பிள்ளை தாத்தாவுக்கு எழுதித் தரும் சில கடிதங்களில் பொம்மை கேட்காது. அப்பாவை ஊரிலிருந்து கூட்டிவாருங்கள் என்று கேட்கும், அம்மாவின் வருத்தத்தை மாற்றுங்கள் என்று கேட்கும். நடக்கும் என்று எழுதாதீர்கள், கேட்காதது போல் கடந்தும் போகாதீர்கள். “நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அதைக் கொண்டுவர என்னால் முடியாது. நீ சொன்னதை மறக்கமாட்டேன்” என்ற அளவில் நின்று, பெற்றோரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். யாரோ தனக்கு அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று பிள்ளை எழுதியிருந்தால் அது வேறு. பெற்றோரிடமும் கொடுக்க வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். ஒன்ராறியோச் சட்டப்படி சந்தேகத்துக்கு நியாயமான காரணம் உள்ள எவரும் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு உடனே, தானே அறிவிக்க வேண்டும். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது.

படிவங்களை ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். பிள்ளையின் பெயர், முகவரி, பயம், வீட்டுப் பிரச்சினை எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. வட்சப் குழுவில் படமெடுத்துப் போடுவதும், இணைப்பு உள்ள எவரும் திறக்கக்கூடிய பட்டியலில் ஏற்றுவதும் வேண்டாம். விழா முடிந்த வாரமே கிழித்து அழித்துவிடுங்கள். பெயரும் பிறந்த திகதியும் படமும் கேட்டு இலவசமாகக் கடிதம் தருகிறோம் என்கிற இணையத்தளங்களிலும் இதே கவனம் தேவை.

தபாலில் அனுப்புவதானால் மார்கழி 10க்குள் பெட்டியில் போடுங்கள். உறையின் மூலையில் வடதுருவ முகவரியை எழுதினால் பிள்ளைக்கு மகிழ்ச்சிதான், ஆனால் சேராத கடிதம் உங்களிடம் திரும்பாது. பின்பக்கத்தில் வகுப்பின் முகவரியைச் சிறிதாக எழுதுங்கள். விழாவில் கையில் கொடுப்பதானால் ஐந்து வெற்றுத்தாளும் உறையும் பேனாவும் மேலதிகமாகக் கொண்டுபோங்கள். மொன்றியலிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து நிற்கிற மச்சான், மச்சாள் யாராவது கட்டாயம் இருப்பார்கள். மேடைக்குப் பின்னால் ஒருவர் அந்தப் பிள்ளையின் சித்தியிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, பெயர்கள் கூப்பிட்டு முடிவதற்குள் அந்தக் கடிதத்தையும் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்கு நத்தார்க் கடிதம் எழுதும் தொண்டர்கள் சிலர்,
ஸ்காபரோ