ஆகஸ்ட் மாதத்துக் கணக்கு

கொலம்பஸ், ஒஹாயோ
17-8-2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் கடிதத்தின் பெரும்பகுதி பையனைப் பற்றிய புலம்பலாக இருக்கிறதே! ஆஸ்டினுக்குப் படிக்கப் போனவன் தொலைபேசியில் படிப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை, "நாங்கள்தான் நம்பர் ஒன்" என்கிறான், "இரண்டரைப் புள்ளி" என்கிறான், இது என்ன சூதாட்டமா என்று கேட்டிருக்கிறாய். என்னிடமும் அவன் இதே விஷயத்துக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். விஷயம் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால். ஆகஸ்ட் 30 அன்று அவனுடைய டெக்சாஸ் பல்கலைக்கழக அணி இங்கே எங்கள் ஊருக்கு வந்து ஒஹாயோ ஸ்டேட்டோடு மோதுகிறது. சீசனின் முதல் ஆட்டமே இது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்காரும் மைதானம். ஊரே இப்போது வேறு எதையும் பேசுவதில்லை.

முதலில் அந்த இரண்டரைப் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் கேரம் ஆடும்போது உனக்குப் பத்துப் பாயிண்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவேன், நினைவிருக்கிறதா? (இல்லை என்று நீ மறுப்பாய். மறுத்துக்கொள்.) அதேதான் இது. இரண்டு அணிகளில் பலமானது இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று பந்தய நிறுவனங்கள் ஒரு எண்ணை வைக்கின்றன. இங்கே அதை ஸ்ப்ரெட் என்கிறார்கள். ஒஹாயோ இரண்டரைப் புள்ளி முன்னிலை என்றால், ஒஹாயோ மூன்று புள்ளியிலாவது ஜெயித்தால்தான் அதன்மேல் பணம் கட்டியவனுக்குப் பணம். இரண்டு புள்ளியில் ஜெயித்தால் மைதானத்தில் ஒஹாயோவுக்கு வெற்றி, பந்தயத்தில் டெக்சாஸ் பக்கம் நின்றவனுக்கு வெற்றி. அரைப் புள்ளி என்று ஆட்டத்தில் ஒன்று கிடையாது. சமன் என்று யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருப்பதற்காக அதை ஒட்டவைக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஒரு ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளி, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டும் ஒரு டச்டவுனும் அதன் பின்னான உதையும் சேர்ந்தால் ஏழு. அதனால் நிறைய ஆட்டங்கள் மூன்றிலும் ஏழிலும்தான் முடிகின்றன. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு புள்ளிக்காக இங்கே பெரிய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். 1940களில் சிகாகோவில் இருந்த சார்லஸ் மக்னீல் என்பவர் இந்த முறையைக் கொண்டுவந்தார் என்பார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவராம். எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது உன் மகனின் வழக்குக்கு வருகிறேன். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு தரவரிசைப் பட்டியல் வெளியிடும். சீசனுக்கு முந்தைய இந்தப் பட்டியல் 1950 முதல் வருகிறது. இந்த முறை டெக்சாஸ் ஒன்று, பென் ஸ்டேட் இரண்டு, ஒஹாயோ ஸ்டேட் மூன்று. டெக்சாஸ் சீசனை ஒன்றாம் இடத்தில் தொடங்குவது அதன் சரித்திரத்திலேயே இதுதான் முதல் தடவை. பையன் தலைகால் புரியாமல் ஆடுவதில் குற்றமில்லை. ஆனால் அதே டெக்சாஸைப் பந்தயக்காரர்கள் இங்கே தோற்கப்போகிற அணியாக வைத்திருக்கிறார்கள், மூன்று புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில். "நம்பர் ஒன் அணிக்கு எதிராக எப்படி மாமா எண் வைப்பார்கள்? உங்கள் ஊர்க்காரர்கள் பணத்தைக் கொட்டியிருப்பார்கள்" என்கிறான்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். பட்டியலுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பத்திரிகை நிருபர்களும் ஒலிபரப்பாளர்களும். கணிப்பு தவறிப்போனால் அவர்களுக்கு ஒரு காசு நட்டமில்லை. அடுத்த வாரம் வேறு பட்டியல். எண் வைக்கிறவனுக்கோ, தப்பாக வைத்தால் விவரம் தெரிந்தவர்கள் அன்றைக்கே வந்து அவன் பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள். சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு இரண்டரை முதல் மூன்று புள்ளி வரை தருவது பழைய வழக்கம். அதைக் கழித்துப் பார். பொதுவான இடத்தில் ஆடினால் இரண்டு அணிகளும் சரிநிகர் என்றுதான் அந்த எண் சொல்கிறது. அதாவது டெக்சாஸை யாரும் மட்டம் தட்டவில்லை. கொலம்பஸுக்கு வந்து ஆடுவதால்தான் அந்தப் புள்ளிகள். இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நாங்கள்தான் நம்பர் ஒன்" என்று ஆரம்ப இடத்துக்கே போய்விட்டான். உன் மகன்தான், சந்தேகமில்லை.

இங்கே சனிக்கிழமை காலைகளில் டோனட் கடையில் ஒரு சிறு சபை கூடுகிறது. என் பக்கத்து வீட்டுக்காரர்தான் தலைவர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடு போட்ட மஞ்சள் தாளில் ஒவ்வொரு அணியின் பலத்துக்கும் தானே ஒரு எண் போட்டு, எல்லா முதல் வார ஆட்டங்களுக்கும் வித்தியாசத்தைப் பென்சிலால் எழுதிவிடுவார். அதற்குப் பிறகுதான் பந்தயக்காரர்களின் எண்ணைப் பார்ப்பார். அதைப் பக்கத்தில் பேனாவால் எழுதுவார். இரண்டுக்கும் நான்கு புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரு வட்டம். நேற்று அந்தத் தாளை எட்டிப் பார்த்தேன். டெக்சாஸ் ஆட்டத்துக்கு வட்டமில்லை. வட்டமில்லாத ஆட்டத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் மற்றவர்கள் விடவில்லை. சந்தைப்படுத்தும் வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவர், "மேனிங் என்ற பெயருக்காகவே பணம் அந்தப் பக்கம் போகிறது" என்றார். ஆர்ச் மேனிங்தான் டெக்சாஸின் புதிய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர். பழைய நட்சத்திர குவார்ட்டர்பேக்குகளான பேட்டன், ஈலை மேனிங் ஆகிய இருவருக்கும் அண்ணன் மகன் என்று உறவுமுறை சொல்லியே இங்கே பாதிப் பேர் அவரை எடைபோடுகிறார்கள். போன ஆண்டு இரண்டு ஆட்டங்களைத்தான் தொடங்கி ஆடினார். எங்கள் பக்கமோ இன்னும் மோசம்: ஜூலியன் சேயினா, லிங்கன் கீன்ஹோல்ட்ஸா என்று இன்றுவரை அறிவிக்கவே இல்லை. எந்தப் பையன் பந்தை வீசப்போகிறான் என்று தெரியாமலே அரைப் புள்ளிக்கு அடித்துக்கொள்கிறார்கள்!

இதுதான் என் கட்சி. ஆகஸ்டில் வரும் எண்ணில் பாதி போன வருடத்து ஞாபகம். போன ஜனவரியில் ஒஹாயோ தேசியக் கோப்பையை வென்றது. அந்த அணியிலிருந்து ஏப்ரலில் 14 பேரைத் தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. தடுப்பாட்டப் பயிற்சியாளர் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். முன்பெல்லாம் ஒரு பையன் சேர்ந்த கல்லூரியிலேயே நாலு வருடம் வளர்வான், நாமும் அவனைப் பார்த்துக் கணக்குப் போடலாம். 2021க்குப் பிறகு கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை. விளம்பரப் பணமும் வாங்கலாம். இந்த ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேராகப் பணம் தரலாம். ஒரு குளிர்காலத்துக்குள் அணியின் முகமே மாறிவிடுகிறது. சட்டையின் நிறம் மட்டும்தான் பழசு.

சான்று வேண்டுமா? போன ஆண்டு ஃபுளோரிடா ஸ்டேட் பத்தாம் இடத்தில் தொடங்கியது. அயர்லாந்தின் டப்ளினில் முதல் ஆட்டம். ஜார்ஜியா டெக்கைச் சுமார் பத்துப் புள்ளியில் வெல்லும் என்றார்கள். 24-21 என்று தோற்றது. சீசன் முடிவில் இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி. 2017இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு 45 புள்ளி கொடுத்து வைத்திருந்தார்கள். அது லாஸ் வேகஸ் அணியை அதன் சொந்த ஊரிலேயே வென்றது. எங்கள் கதையைக் கேள்: நவம்பர் 30, மிச்சிகனோடு ஆட்டம். சுமார் இருபது புள்ளியில் ஜெயிப்போம் என்றது எண். 13-10 என்று தோற்றோம். அந்த வாரம் முழுக்க மிச்சிகன் பெயரின் முதல் எழுத்தையே வளாகத்துப் பலகைகளில் சிவப்பு நாடா ஒட்டி மறைத்து வைத்திருந்த ஊர் இது. அன்று மாலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள். பயிற்சியாளர் ரயன் டேயைத் துரத்த வேண்டும் என்று கத்தியவர்கள், ஏழு வாரம் கழித்துக் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில் நோட்ர டாமை 34-23 என்று வென்றதும் அவரையே தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். டோனட் சபையில் மிச்சிகன் ரசிகர் ஒருவரும் உண்டு. கோப்பையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "பதின்மூன்று, பத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிப்பார். அவரை யாராலும் வெல்ல முடியவில்லை.

சூதாட்டமா என்று கேட்டாயே, அதற்கு நேர்ப் பதில். டெக்சாஸில் விளையாட்டுப் பந்தயத்துக்கு இன்னும் அனுமதியில்லை. ஒஹாயோவில் 2023 ஜனவரி ஒன்றிலிருந்து 21 வயதானவர்கள் கைப்பேசியிலேயே கட்டலாம். விளம்பரம் பார்க்காமல் ஒரு ஆட்டம் பார்க்க முடியாது. நான் கட்டுவதில்லை. காரணம் ஒழுக்கமல்ல, கணக்கு. நூறு டாலர் ஜெயிக்க நூற்றுப் பத்து டாலர் கட்ட வேண்டும். 21 பந்தயத்தில் 11 ஜெயித்தால்தான் போட்ட பணம் கைக்கு வரும், லாபம் அதற்கு மேல். மஞ்சள் தாள்காரரே, இத்தனை ஆண்டு வட்டம் போட்டும், காசு கட்டுவதில்லை. இன்னொன்றும் உண்டு. தனித்தனி வீரர்கள் எத்தனை கெஜம் ஓடுவார்கள் என்று கட்டுவதை ஒஹாயோ 2024இல் கல்லூரி ஆட்டங்களுக்குத் தடை செய்தது. பணம் போனவர்கள் பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு வசவும் மிரட்டலும் அனுப்பத் தொடங்கியதுதான் காரணம். அதைப் படித்த அன்று எனக்கு உன் மகனின் வயதுதான் மனத்தில் வந்தது. அவன் வாதாடுகிறான், கட்டவில்லை. அவ்வளவு தூரம் எனக்குத் தெரியும். கேட்டும் பார்த்துவிட்டேன். வாதாடட்டும். புள்ளிவிவரப் பாடத்தில் தேறுவதற்கும் அது உதவும் என்று நினைக்கிறேன், ஆனால் இதை அவனிடம் சொல்லாதே.

வீட்டில் எல்லோரும் சுகம். தங்கச்சி என்று நீ கூப்பிடும் என் மனைவி தோட்டத்தில் தக்காளியோடு மல்லுக்கட்டுகிறாள். மான்கள் பாதியைத் தின்றுவிடுகின்றன. டிசம்பரில் அவள் மட்டும் திருநெல்வேலிக்கு வருகிறாள், நான் பிப்ரவரியில். நம் பேராசிரியர் தவறிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் நாம் இருவரும் தூங்கியதைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராதது வருத்தமாக இருக்கிறது. அவர் குடும்பத்தாரைப் பார்த்தால் என் பெயரையும் சொல்.

பையன் 29ஆம் தேதி இரவு விமானத்தில் இங்கே வருகிறான். டிக்கெட் விலை நம் இருவர் ஓய்வூதியத்துக்கும் கட்டுப்படியாகாது. என் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்க்கப்போகிறோம். ஆட்டம் இங்கே நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, உனக்கு இரவு ஒன்பதரை. என் மனம் ஒஹாயோ ஒன்பது புள்ளியில் என்கிறது, என் கணக்கு இரண்டு என்கிறது. மஞ்சள் தாளில் இரண்டு என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு எண்ணைப் பையனிடம் சொல்லி அனுப்பு. டெக்சாஸின் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு டோனட் கடைக்கு வரக்கூடாது என்றும் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டான்.

உன்
பழைய அறைத்தோழன்