விடைக்குறிப்பைத் திருத்துங்கள்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலை இயற்பியல், நிறமாலையியல் தாளில் வந்த எலக்ட்ரான் தற்சுழற்சிக் கணக்கு பற்றி எங்கள் துறை அனுப்பிய கடிதங்கள் தங்கள் கோப்பில் இருப்பதால், நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லப்போவதில்லை. மறுமதிப்பீட்டிலும் ‘மாற்றமில்லை’ என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வந்திருப்பதால், அந்த வினாவின் விடைக்குறிப்பைத் திருத்துமாறு இப்போது பொதுவில் கேட்க வேண்டியதாகிவிட்டது.

0.34 டெஸ்லா காந்தப்புலத்தில், 300 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலையில், ஆற்றல் கூடிய மேல் தற்சுழற்சி நிலையிலும் ஆற்றல் குறைந்த கீழ் தற்சுழற்சி நிலையிலும் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கைகளின் விகிதம் என்ன என்பது வினா. மேல்நிலை காலி, எல்லாம் கீழ்நிலையில் என்கிறது விடைக்குறிப்பு. பணம் கட்டி வாங்கிய விடைத்தாள் நகல் ஒன்றில், இரு நிலைகளுக்கும் இடைவெளி 6.3 × 10⁻²⁴ ஜூல், வெப்ப ஆற்றலோ 4.14 × 10⁻²¹ ஜூல், ஆகவே மேல்நிலை எண்ணிக்கைக்கும் கீழ்நிலை எண்ணிக்கைக்கும் உள்ள போல்ட்ஸ்மேன் விகிதம் 0.9985 என்று வரிவரியாகப் போட்டு, விடையின் கீழே அடிக்கோடும் இட்டிருக்கிறார் ஒரு மாணவி. அந்த எண்ணின் மேலேயே சிவப்பு மையில் பெருக்கல் குறி, ஓரத்தில் சுழியம். தேர்ச்சிக்கு 50 வேண்டிய தாளில் அவர் பெற்றது 46. அந்த வினாவுக்கு 5 மதிப்பெண்.

அவர் எழுதியதே சரி. பத்து லட்சம் எலக்ட்ரான்களில் ஏறத்தாழ 5,00,380 கீழேயும் 4,99,620 மேலேயும் இருக்கும். இந்நிலைகளை அளக்கும் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியில் செலுத்தும் நுண்ணலை, கீழே உள்ளதை ஏற்றும் அதே வாய்ப்போடு மேலே உள்ளதை இறக்கவும் செய்வதால், அதில் நாம் காணும் நுண்ணலை உட்கவர்தல் முழுவதும் இரு நிலைகளுக்கும் உள்ள அந்த 760 எலக்ட்ரான் வித்தியாசத்தின் தயவுதான். நுண்ணலைத் திறனை அளவுக்கு மீறிக் கூட்டினால் அந்த வித்தியாசமும் கரைந்து சிக்னல் தேய்வதை ஆய்வகத்திலேயே பார்க்கலாம். திரவ ஹீலியம் கொண்டு 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தாலும் வித்தியாசம் பத்து லட்சத்துக்கு 54,000 அளவில்தான் நிற்கும். விடைக்குறிப்பு ஓரளவேனும் உண்மையாக வேண்டுமென்றால் 0.1 கெல்வின் வேண்டும். அப்போதும் நூற்றில் ஒன்று மேலேதான் இருக்கும். மின்விசிறி சுற்றாத தேர்வுக்கூடத்தில் எங்கள் மாணவர்களை உட்காரவைத்த பல்கலைக்கழகம், இந்தக் குளிரை எங்கே வைத்திருந்தது என்று தெரிந்தால் ஆய்வு மாணவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

மறுமதிப்பீடு செய்பவரும் அதே தவறான குறிப்பைக் கையில் வைத்துத்தான் திருத்துகிறார் என்றால், மாணவர்களிடம் கட்டணம் எதற்காக வாங்கப்படுகிறது? குறிப்பைத் தயாரிக்க ஒருவர் இருப்பதுபோல், அதைச் சரிபார்க்கவும் ஒருவர் இருக்க வேண்டாமா? வினாத்தாளில் அச்சுப்பிழை வந்தால் மட்டும் பதறுகிற அலுவலகத்துக்கு, இயற்பியலே பிழையாகிப்போனது பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

சொற்கள் கடுமையாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். விடைக்குறிப்பைத் திருத்தி, அந்த ஒரு வினாவை மட்டுமாவது எல்லா விடைத்தாள்களிலும் மறுபடி மதிப்பிட்டு, மறுமதிப்பீட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தந்து, துணைத்தேர்வுக்கான விண்ணப்பத் தேதி முடிவதற்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆசிரியர்