அந்த ஆறு வருஷத்தையும் சேர்த்து போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ் சிறுவர் பக்கத்துல ஃபிலிப் பெத்தி பத்தி போட்டிருந்தீங்க, 1974 ஆகஸ்ட் 7 காலைல நியூயார்க் ட்வின் டவர்ஸ் ரெண்டுக்கும் நடுவுல கம்பி கட்டி நடந்தாரே அந்த பிரெஞ்சுக்காரர். என் பையன் மூணாங்கிளாஸ், எழுத்துக்கூட்டி அவனே படிச்சான், எனக்கும் சந்தோஷமாதான் இருந்துச்சு. சாயந்திரம் எதிர்வீட்டு அக்கா கத்துறாங்கன்னு ஓடிப்போய் பாத்தா மொட்டைமாடி கைப்பிடிச்சுவர் மேல துணி காயப்போடுற கம்ப குறுக்க புடிச்சுகிட்டு நிக்கிறான். எப்படி இறக்கினேன்னு மட்டும் கேக்காதீங்க, இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

அடிக்க கை ஓங்கிட்டேன். "பயப்படாம இருந்தா விழமாட்டோம்னு போட்டிருக்கும்மா"ங்கறான். எடுத்து பாத்தா நெசமாவே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு. நாலு பாரா, தைரியமா ஏறினார், நடந்தார், எல்லாரும் கைதட்டினாங்க, முடிஞ்சுது. அதான் இந்த லெட்டர்.

நடுவுல விட்டுட்டீங்களே அதுதான சார் கதையே. இந்த ஐடியா அவருக்கு வந்தது 1968ல, பல்வலின்னு டாக்டர பாக்க போய் உக்காந்திருக்கும்போது அங்க கெடந்த பத்திரிகைல இந்த பில்டிங் கட்டப்போறாங்கன்னு படம் பாத்திருக்கார். சத்தம் கேக்கக்கூடாதுன்னு பெருசா ஒரு தும்மல் போட்டு அந்த பக்கத்த கிழிச்சுகிட்டு வந்துட்டார்னு அவரே சொல்ற கதை (இத சொன்னதும் என் பையன் சிரிச்ச சிரிப்பு!). அப்போ பில்டிங்கே கிடையாது. அதுக்கப்பறம் ஆறு வருஷம். 1971ல பாரிஸ் நோத்ர தாம் சர்ச் கோபுரங்களுக்கு நடுவுல, 1973ல சிட்னி ஹார்பர் பாலத்துல நடந்து பழகினார். ஊர்ல வயல்வெளில கம்பி கட்டி இவர் நடக்க ஃப்ரெண்ட்ஸ் அந்த கம்பிய புடிச்சு ஆட்டுவாங்களாம், காத்தடிச்சா எப்படி இருக்கும்னு பாக்க. பில்டிங்க மாடலா செஞ்சு வச்சுகிட்டார், ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்து மேலேருந்து போட்டோ எடுத்தார்.

கம்பிய அந்தப்பக்கம் கொண்டுபோனது எப்படின்னு சொன்னாலே பசங்க வாய பொளந்துகிட்டு கேப்பாங்க. வில்லு அம்பு! அம்புல மீன்பிடி நரம்ப கட்டி அடுத்த டவருக்கு விட்டு, அந்த நரம்புல கொஞ்சம் தடியான கயிறு, அதுல இன்னும் தடி கயிறுன்னு கட்டி இழுத்து கடைசியா சுமார் 200 கிலோ இரும்பு வடம். அதுவும் பாதில சரிஞ்சு தொங்கிடுச்சு, ராத்திரி பூரா ஃப்ரெண்ட்ஸ் மூச்சு முட்ட இழுத்திருக்காங்க. விடிஞ்சப்பறம்தான் அவர் காலே எடுத்து வச்சார். கீழ வலை கிடையாது, பெல்ட் கிடையாது, 400 மீட்டர் உயரம், 45 நிமிஷம், எட்டு தடவ இந்தப்பக்கம் அந்தப்பக்கம். நடுவுல படுத்து வேற எந்திரிச்சிருக்கார் மனுஷன்.

பயமே இல்லாதவர்னும் எழுதாதீங்க. முதல் தடவ அந்த மொட்டைமாடிக்கு ஏறி பாத்தப்போ இது முடியாதுன்னுதான் தோணிச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். என் பையன் சட்டுனு நிமிந்தது இந்த எடத்துலதான், "அவருக்குமா?"ன்னு கேட்டான். நடக்கும்போது அவர் கைல குறுக்க புடிச்சிருந்த கம்பும் அழகுக்கு இல்ல, 8 மீட்டர் நீளம் 25 கிலோ, நீளமா கனமா இருந்தா உடம்பு சாயறது மெதுவா நடக்கும், சமாளிக்க நேரம் கெடைக்கும். இவன் புடிச்சிருந்தது எங்க வீட்டு மூங்கில் கம்பு, அரை கிலோ இருக்குமா?

இன்னொண்ணு, அவர் பண்ணது சட்டப்படி தப்பு. கீழ எறங்கினதும் போலீஸ் புடிச்சுட்டாங்க, அப்பறம் சென்ட்ரல் பார்க்ல குழந்தைகளுக்கு இலவசமா ஒரு ஷோ பண்ணிக்காட்டணும்னு சொல்லி கேஸ விட்டுட்டாங்க. நீங்க இத விட்டது ஏன்னு புரியுது, எனக்குமே சொல்றதா வேணாமான்னு இருந்துச்சு. சொன்னேன். "அப்ப தப்பு பண்ணா பரிசா?"ன்னான். கேஸ் போட்டிருந்தா சரியா இருந்திருக்குமான்னு திருப்பி கேட்டேன், சோறு ஆறுற வரைக்கும் யோசிச்சான், பதில் வரல. எங்கிட்டயும் இல்ல.

இப்ப கொல்லைல ரெண்டு தென்னைக்கு நடுவுல தரைலேருந்து ஒரு அடி ஒசரத்துல வடக்கயிறு கட்டி குடுத்திருக்கோம். நாலு எட்டு வைக்கறதுக்குள்ள விழறான். ஆறு வருஷம்னா ஒம்பதாங்கிளாஸ்னு விரல் விட்டு எண்ணி வச்சிருக்கான்.

நேத்து ஒண்ணு கேட்டான். திருவிழாவுல ரோட்டோரமா கழைக்கூத்து பாத்தோம், இவன் வயசுதான் இருக்கும் அந்த பொண்ணுக்கு, தலைல செம்பு அடுக்கிகிட்டு கயித்துல நடந்துச்சு, நாங்க பத்து ரூபா போட்டுட்டு வந்துட்டோம். "அந்த பாப்பாவும் வலை இல்லாமதான நடந்துச்சு, அது எத்தன வருஷம் பழகியிருக்கும், ஸ்கூலுக்கு போகுமா, அத ஏன் புக்ல போடல?"ங்கறான். உங்ககிட்டயே கேட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்