காசு காட்டுவதும் காசு தேடுவதும்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்காகப் பிள்ளைகளும் பெற்றோரும் காத்திருக்கும் மாதங்களில், யாழ்ப்பாணத்தின் ரியூட்டரி மதில்களிலும் மின்கம்பங்களிலும் வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் புதிதாக ஒட்டப்படுகின்றன. முப்பத்தொரு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த மாதங்களில்தான் வீட்டுக்கு வருவோர் தொகையும் கூடும். விறாந்தையில் இருந்து விண்ணப்பக் கோப்பை விரித்து, "சேர், இதில் எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்?" என்று கேட்பார்கள். எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம், படித்து முடியும்வரை காசு எங்கிருந்து வரப்போகிறது என்று நான் திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் முகவர் பார்த்துக்கொள்வார்" என்பதே அநேகமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதிலைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் முதல் பட்டம் படிப்பதற்கு விண்ணப்பிப்பதும் அதற்குக் காசு தேடுவதும் ஒரே வேலை. நாமோ அதை இரண்டாக வெட்டி, விண்ணப்பத்தை முகவரிடமும் காசை வட்டிக்குக் கொடுப்பவரிடமும் ஒப்படைத்துவிட்டோம். இடம் கிடைத்த பிறகுதான் காசைப் பற்றி யோசிக்கிறோம். அதுவும், காசு தேடுவதை விட்டுவிட்டு, காசு 'காட்டுவதை'.

இதை என் தங்கையின் குடும்பத்திலேயே கண்டேன். அவளுடைய மகளுக்குக் கணிதப் பிரிவில் இரண்டு ஏ, ஒரு பி. பொறியியலுக்குச் சற்றுக் குறைந்துபோனதால், முகவர் ஒருவர் மூலம் பிரித்தானியாவில் லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்தார்கள். அந்நாட்டு மாணவர் விசாவுக்கு, முதலாண்டுக் கட்டணத்தில் கட்டவேண்டிய மீதியோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் சேர்ந்து, பிள்ளையின் அல்லது பெற்றோரின் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்கவேண்டும்; ஒரு நாளாவது அத்தொகையிலிருந்து இறங்கக்கூடாது. தகப்பனுடைய சேமிப்புக் கணக்கில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய காசைப் போட்டு வைத்தார்கள். பதினேழாம் நாள், மோட்டார் சைக்கிளின் லீசிங் தவணைப்பணம் வழமைபோல அதே கணக்கிலிருந்து தானாகக் கழிந்தது. வங்கிப் புத்தகத்தில் அந்த ஒற்றை வரியை நான் பிறகு பார்த்தேன். ஒரு நேரச் சாப்பாட்டுக் கடை முதலுக்குக்கூடக் காணாத தொகை அது. விசா மறுக்கப்பட்டது. விசா விண்ணப்பத்தோடு கட்டிய சுகாதாரக் கட்டணம் திரும்பி வந்தது. விசாக் கட்டணமும் வட்டியும் திரும்பவில்லை. "ஒரு நாள்தானே, பரவாயில்லை என்று நினைத்தேன்" என்று முகவர் சொன்னாராம்.

ஆனால் என்னை உறுத்துவது அந்த மறுப்பு அல்ல. விசா கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? விசா கையில் வந்த மறுநாளே அந்தக் காசு உரியவரிடம் திரும்பிப் போயிருக்கும். பத்தொன்பது வயதுப் பிள்ளை, தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதியில்லாத ஒரு நாட்டில், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வழி தெரியாமல் போய் இறங்கியிருக்கும்.

தொகைகளைச் சொன்னால்தான் விளங்கும். 2025 நவம்பர் முதல் பிரித்தானியா கேட்கும் வாழ்க்கைச் செலவு லண்டனில் மாதத்துக்கு 1,529 பவுண், வெளியே 1,171 பவுண். ஒன்பது மாதத்துக்கு வெளியே 10,539 பவுண் வருகிறது. பவுணை 400 ரூபாய் என்று வட்டமாக வைத்தாலும் 42 இலட்சம். இதில் படிப்புக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண். அதையும் விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டவேண்டும். அவுஸ்திரேலியா ஓராண்டுக்கு 29,710 டொலர் காட்டச் சொல்கிறது. அதன் மாணவர் விசாக் கட்டணமோ 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகி, அடுத்த ஜூலையில் 2,000 ஆனது. நாணய மாற்று இன்னொரு பயம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளின் பெற்றோர் காணி உறுதிகளோடு அலைந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மூன்றோ நான்கோ ஆண்டுக்கான திட்டத்தை இன்றைய மாற்று விகிதத்தில் போடுபவர் பாதித் திட்டமே போடுகிறார்.

அப்படியானால் வசதியற்ற பிள்ளை போகவே முடியாதா? முடியும். ஆனால் அந்தக் கதவுகள் முகவரின் அலுவலகத்துக்குள் இல்லை. முகவருக்குத் தரகுப்பணம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஆகவே தரகு கொடுக்காத இடங்களைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். இதை அவருடைய குற்றமாகச் சொல்லவில்லை, அவருடைய வியாபாரம் அது.

ஐக்கிய அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., அம்ஹர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரையும் குடும்ப வருமானம் பாராமல் தெரிவு செய்து, தெரிவானவருக்குக் குடும்பத்தால் கட்ட இயலாத முழுத் தொகையையும் கொடுக்கின்றன. வேறு சில கல்லூரிகள் தெரிவின்போது வருமானத்தையும் பார்க்கும்; ஆனாலும் எடுத்த பிள்ளையைக் காசில்லாமல் விடமாட்டா. போட்டி மிகக் கடுமையானது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. முக்கியமான விடயம் வேறொன்று. இந்த உதவியை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்கவேண்டும். இடம் கிடைத்த பிறகு கேட்டால் பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் கோரிக்கையை ஏற்பதே இல்லை.

வாதரவத்தைப் பக்கத்து வெங்காயச் செய்கையாளர் ஒருவரின் மகனுக்கு அந்த நிதி உதவிப் படிவத்தை நிரப்ப நான் உதவினேன். தகப்பனுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கோப்பு இல்லை. கிராம அலுவலரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலரின் மேலொப்பம் வாங்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்தோம். படிவத்தில் இரண்டாவது வீடு உண்டா என்று ஒரு கேள்வி வந்தது. தகப்பன் வெங்காயக் கொட்டிலைச் சொல்லவேண்டுமா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம், ஆனால் அவர் பொய் எழுதப் பயந்தே கேட்டார். எட்டுக் கல்லூரிகளில் ஏழு இல்லையென்றன. எட்டாவதில் அவன் இப்போது பொருளியல் படிக்கிறான்.

அவ்வளவு தூரம் போகாமலும் வழியுண்டு. இந்திய அரசு இலங்கை மாணவருக்கு வழங்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் முதல் பட்டத்துக்கானது. படிப்புக் கட்டணத்தையும் மாதக் கொடுப்பனவையும் தங்குமிடச் செலவையும் உள்ளடக்கியது. மருத்துவம் அதில் அடங்காது என்பதாலோ என்னவோ, 2010இலிருந்து துணைத் தூதரகம் நம் ஊரிலேயே இருந்தும், அதைப் பற்றி விசாரிப்போர் சொற்பம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே வட்டுக்கோட்டையில் படித்துப் போனவர்கள் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். இன்று இந்தியா என்றால் முகம் சுளிக்கிறோம். யப்பான் அரசின் முதல் பட்டப் புலமைப்பரிசில் கட்டணம், விமானச் செலவு இரண்டையும் ஏற்று, மாதத்துக்கு 117,000 யென் அளவில் கொடுக்கிறது; கணிதமும் விஞ்ஞானமும் கெட்டியாகத் தெரிந்த பிள்ளைக்கு அதன் எழுத்துப் பரீட்சை ஏற்றது, மொழியை ஓராண்டு அங்கேயே படிப்பிக்கிறார்கள். ஜேர்மனியில் அரசு பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் பட்டத்துக்கு அநேகமாக ஜேர்மன் மொழி வேண்டும். ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கொன்றில் வைக்கவும் வேண்டும். அந்தக் காசு மாதாமாதம் பிள்ளைக்கே திரும்பி வருவது, 28 நாள் வட்டிக் காசுக்கு எவ்வளவோ மேல். மறுபுறம், பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் கிடைக்கும், அமெரிக்க அரசின் புல்பிரைட் கிடைக்கும் என்று உயர்தரப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஊட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். செவ்னிங் முதுமாணிக்குரியது, புல்பிரைட்டும் பட்டம் முடித்தவர்களுக்கானது.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புவோருக்கு ஒன்று. முற்பணம் கட்டுமுன், அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொள்கிறதா என்று சபையிடமே எழுதிக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டாலும், திரும்பி வரும் பிள்ளை இங்கே தகுதிகாண் பரீட்சை எழுதித்தான் ஆகவேண்டும்.

காலக் கணக்கும் நமக்கு எதிராகவே நிற்கிறது. 2024ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி, பெறுபேறு மறு ஆண்டு ஏப்ரல் கடைசியில் வந்தது. பிரித்தானியாவில் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கான கடைசி நாள் ஒக்ரோபர் 15; ஏனையவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஜனவரி தொடக்கத்திலேயே மூடிவிடும். அதாவது பிள்ளை கடந்தகால வினாத்தாளோடு விடிய விடிய மல்லுக்கட்டும் வேளையில்தான் இவை எல்லாம் நடந்து முடிகின்றன. பெறுபேற்றோடு போய் நிற்கும்போது எஞ்சியிருப்பது முகவர் காட்டும் மிச்சமீதி இடங்களே. என் அபிப்பிராயம் இதுதான்: பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஒக்ரோபரில் ஆறுதலாக விண்ணப்பிக்கலாம். அந்த இடைக்காலத்தில் ஆங்கிலத்தைத் திருத்தி ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை எழுதலாம், அதன் பெறுபேறு இரண்டாண்டுக்குச் செல்லும். "ஒரு வருசம் சும்மா இருக்கிறான்" என்று அயலவர் சொல்வார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பல இலட்சம் ரூபாயை அவசரப்பட்டுக் கட்டுவது எனக்கு விளங்கவில்லை.

பாடசாலைகளைப் பற்றிச் சொல்லும்போது என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த விண்ணப்பங்களுக்கு ஆசிரியரின் சிபாரிசுக் கடிதமும், பரீட்சைக்கு முன்னரே விண்ணப்பிப்பவருக்கு எதிர்பார்க்கும் பெறுபேறும் தேவை. 'இவர் ஒழுக்கமும் பணிவும் உள்ள மாணவர், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்' என்று இரண்டே வரியில் நூற்றுக்கணக்கான கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். அந்தப் பிள்ளை வகையீட்டில் ஒரு கணக்கை மூன்று வழியில் செய்து காட்டியது எனக்குத் தெரிந்திருந்தும் எழுதவில்லை. வாசிப்பவர் அதைத்தான் தேடுகிறார் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய பாடசாலை ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியரை இந்த வேலைக்கென்று நியமித்து, அவருக்கு வாரத்தில் நான்கு பாடவேளையைக் குறைத்துக் கொடுத்தால் போதும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள்கூடப் பாடசாலையின் ஒப்பத்தைத்தான் கேட்கின்றன.

லண்டன், ரொறன்ரோ, சிட்னிப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நுழைவாயில் வளைவும் குளிரூட்டிய மண்டபமும் போதுமான அளவு கட்டியாகிவிட்டன. ஒரு பிள்ளையின் ஐ.ஈ.எல்.ரி.எஸ். கட்டணம், விண்ணப்பக் கட்டணம், மொழிபெயர்ப்பு, கொழும்புக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றை ஏற்க ஒரு சிறு நிதியம் தொடங்குங்கள். அந்த நாடுகளில் முதல் பட்டம் படித்த உங்கள் பிள்ளைகள், இங்குள்ள பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும் தன்விபரக் கட்டுரையை ஒருமுறை வாசித்துக் கருத்துச் சொன்னாலே பெரிய உதவி.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். தூதரகங்களின் புலமைப்பரிசில் அறிவித்தல்கள் அநேகமாக ஆங்கிலத்திலேயே வருகின்றன. கடைசித் திகதிக்கு மூன்று நான்கு நாள் இருக்கும்போதே அவை எங்கள் கண்ணில் படுகின்றன. அவை வெளியாகும் அன்றே, தகைமை, வயதெல்லை, கடைசித் திகதி மூன்றையும் தமிழில், மரண அறிவித்தல்களுக்கு அடுத்த பக்கத்தில் போடுங்கள். நம்மவர்கள் தவறாமல் திருப்பும் பக்கம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
கோண்டாவில்.