அடுப்பு முதலில், சோதி பிறகு

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோவை மழை, பேத்தியின் பள்ளிக்கூடம், முழங்கால் வலி எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் மெல்லக் கேட்டிருக்கிறாய்: "பிள்ளைகளைக் கரையேற்றியாச்சு, அவரும் போய்ச் சேர்ந்துட்டார். விடிந்தால் தியானம், சாயந்திரம் சத்சங்கம். ஆனாலும் மனசு நிறையலையே, எதுக்குத்தான் இத்தனையும்?" அந்த வரி என்னை விடவே இல்லை. அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள சேதி. சின்னவளுக்கு ஆவணியில் ஆண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து மறுபடி பேப்பர் படிக்கிறாள், வரி விளம்பரம்கூட மிச்சம் வைப்பதில்லை. நான் இப்போதெல்லாம் நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்து வடலூர் தருமச்சாலைக்குக் காய் நறுக்கப் போகிறேன். பசித்து வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வள்ளலார் தொடங்கிய இடம் அது. உன் கேள்வி அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

வள்ளலாரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளோடு முடித்துவிட்டோம். அவர் எதை முதலில் செய்தார், எதைப் பிறகு செய்தார் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. சோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை வந்தது 1872 தைப்பூசத்தில். சின்ன வயதிலிருந்தே பாடிப் பாடி உருகியவர் அவர். உள்ளொளியைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அப்படிப்பட்டவர் சோதிக்கு நாலைந்து வருஷம் முன்னாலேயே அடுப்பை மூட்டியிருக்கிறார். காரணமில்லாமலா?

காரணத்தை 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற நூலில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். பசி முற்றினால் ஒருவருக்கு என்னென்ன ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்போல அடுக்கிக்கொண்டு போகிறார். அறிவு மயங்குகிறது, மனம் சிதறுகிறது, கண் பஞ்சடைந்து குழிகிறது, காது அடைக்கிறது, நாக்கு வறள்கிறது. சாப்பிட்ட பிறகு என்ன ஆகிறது என்பதையும் அதே கவனத்தோடு சொல்கிறார்: உள்ளம் குளிர்கிறது, அறிவு விளங்குகிறது, முகத்தில் களை வருகிறது. அவர் பசியை வயிற்றோடு நிறுத்தவில்லை பார். ஒரு மனிதனுக்குள் இருக்கிற வெளிச்சத்தையே அது அணைக்கிறது என்கிறார். பசித்தவர் எந்த ஊர், என்ன சாதி, என்ன சமயம், எப்படிப்பட்டவர் என்றெல்லாம் விசாரிக்காமல் சோறு போடச் சொன்னதும் அதனால்தான்.

போன மாசம் இதைக் கண்ணாரப் பார்த்தேன். பந்தியில் நம் வயதுக்காரர் ஒருவர். துவைத்த சட்டைதான், மேல் பொத்தான் இல்லை. இலையில் விழுந்த சோற்றைத் தலை நிமிராமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். சாம்பார் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இரண்டாம் தடவை சோறு வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். பரிமாறிய பையனைப் பார்த்து, "தம்பி, நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குக் கையெல்லாம் ஓய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை. இப்போது அடுத்தவன் பசியைக் கேட்கிறார்!

சோறு போடுவது தர்மம், மனநிம்மதி வேறு சமாச்சாரம் என்று நீ சொல்வாய். வள்ளலார் அப்படிப் பிரிக்கவில்லை. மோட்ச வீட்டுக்குத் திறவுகோலே ஜீவகாருண்யம்தான் என்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய வீட்டைப் பற்றியெல்லாம் தெரியாது. ஆனால் கண்ணை மூடி உட்காரும்போது, "நிம்மதி வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று என்னையே நான் சோதித்துக்கொண்டிருப்பேன். பூசணிக்காய் மலைபோல் குவிந்து கிடக்க, பந்திக்கு நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுக்கும்போது அந்தச் சோதனை நடப்பதில்லை. தியானத்தை விட்டுவிடு என்று சொல்லவில்லைடி. அது மட்டும் போதாது என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்று. 1874 தையில் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், பிறகு வெளியே வரவில்லை. இரண்டே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அவர் மூட்டிவைத்த அடுப்பை அணையவிடாமல் பிறகு வந்தவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள், இன்றுவரை. பெயர் தெரியாத எத்தனை பேர் விறகு தள்ளியிருப்பார்கள்! வெந்தது யாருக்கு என்று தெரியாமலே வேலை செய்தவர்கள். வாழ்க்கைக்கு அர்த்தம் தேடும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

சரி, நீ ஒருதரம் வா. தைப்பூசத்துக்கு வேண்டாம், அந்தக் கூட்டத்தை உன் முழங்கால் தாங்காது. மாதப் பூசம் ஒன்றில் வா. அன்றைக்கு ஞான சபையில் சோதியை மறைத்திருக்கும் ஏழு திரையில் ஆறை விலக்கிச் சோதி காட்டுவார்கள். முதல் நாளே வந்துவிட்டால் இரண்டு பேரும் தருமச்சாலையில் உட்கார்ந்து காய் நறுக்கலாம். உனக்கு நாற்காலி கேட்டு வாங்கித் தருகிறேன். மருமகளிடம் லீவு நாளைப் பார்த்துக் கேட்டு, எந்த மாசம் தோதுப்படும் என்று எழுது. ரயில் என்றால் விருத்தாசலத்தில் இறங்கு, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி