ஐ.நா.வுக்கு ஒரு திறந்த மடல்: முள்ளிவாய்க்கால் கணக்கைக் காட்டுங்கள்

ஐ.நா. பொதுச் செயலாளருக்கும், ஜெனிவாவில் மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கடற்கரையில்தான் இலங்கைப் போர் முடிந்தது. அதனால் மே வந்தால் தமிழர்களாகிய எங்களிடமிருந்து உங்களுக்கு மடல் வரும், தெரியும். நீதி, விசாரணை என்று மற்றவர்கள் கேட்பதையெல்லாம் நானும் கேட்கிறேன்தான். ஆனால் இந்த மடலில் கணக்கு மட்டும்.

முள்ளிவாய்க்கால் கஞ்சி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரிசி, தண்ணீர், கிடைத்தால் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். கடைசி வாரங்களில் ஷெல்லடிக்கு நடுவே வரிசையில் நின்று சனம் வாங்கிக் குடித்தது அதைத்தான். இப்போது நினைவு நாட்களில் ஊர் ஊராகக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். அது அவ்வளவு தண்ணியாகப் போனதற்குச் சண்டை மட்டும் காரணமில்லை. 2009 தொடக்கத்தில், சண்டை நடந்த வன்னிப் பகுதிக்குள் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று கொழும்பு, அதாவது இலங்கை அரசு, சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே போன அரிசியும் மருந்தும் அந்த எண்ணை ஒட்டித்தான். ஏப்ரல் கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கடற்கரை மணலில் கிடந்தபோது, பத்தாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்றார்கள். எல்லாம் முடிந்தபின் முள்கம்பிக்குள் அடைக்கப்பட்டவர்களை எண்ணிப் பார்த்தால் 2,80,000க்கும் மேல்! சரி, அரசு பொய் சொன்னது. நீங்கள்?

2008 செப்டம்பரில் நீங்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று உங்கள் வாசலை மறித்து நின்றது இதே சனம்தான். 2009 ஜனவரியில் உணவு லாரிகளோடு போன உங்கள் அதிகாரிகள் சுதந்திரபுரத்தில், அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள், பங்கர் வெட்டிப் பதுங்கினார்கள். இருக்கும் இடத்தை இராணுவத்துக்குச் சொல்லியும் இரவெல்லாம் ஷெல் விழுந்தது. விடிந்ததும் அவர்கள் பார்த்த பிணங்களில் கைக்குழந்தைகளும் இருந்தன. இதெல்லாம் நான் சொல்லும் கதை அல்ல, 2011இல் உங்கள் நிபுணர் குழுவே எழுதியது.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்தார்கள், 18,479 பேர் காயப்பட்டார்கள் என்று உங்கள் கொழும்பு அலுவலகம் ஒரு கணக்கு வைத்திருந்தது. கடைசி ஆள் வரை எண்ணியிருக்கிறீர்கள், ஆனால் வெளியே சொல்லவில்லை. அப்புறம் 40,000 வரை இருக்கலாம் என்றது அந்த நிபுணர் குழு. 70,000க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கே இல்லை என்று நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக 2012இல் உங்கள் உள்ளக அறிக்கை சொன்னது. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில் ஜெனிவாவில் கொழும்பைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேறியதையும், அதற்கு இந்தியா கை தூக்கியதையும் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விடுங்கள்.

புலிகள் செய்ததை விட்டுவிடச் சொல்லவில்லை. தப்பி ஓடிய சனத்தைச் சுட்டார்கள், பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துப் போனார்கள், உங்கள் உள்ளூர் ஊழியர்களையே வெளியேற விடவில்லை. அதுவும் அதே கணக்கில் வரட்டும்.

கேட்பது இதுதான். அந்த 7,721 எப்படி வந்தது? எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர் என்ற பதிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். தகவல் தந்தவர்களின் பெயரை மறைத்துவிடுங்கள், அவர்கள் பாதுகாப்பு முக்கியம். பிள்ளையைத் தேடும் ஒரு தாய், வன்னிக் கடற்கரையில் உள்ள மாத்தளனில் அன்று என்ன நடந்தது என்று தானே எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். ஆதாரங்களைத் திரட்டச் சொன்ன ஜெனிவாவின் 2021 தீர்மானத்துக்குப் பிறகு நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஆதாரங்களில் தன் குடும்பம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டால், ஆம், இல்லை என்றாவது பதில் வர வேண்டும்.

உங்கள் கணக்கு மே 13ஆம் தேதியோடு நிற்கிறது. போர் முடிந்தது 18ஆம் தேதி. இடையிலுள்ள நாட்களுக்கு எண் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் கோடு போட்டுத் தாண்டிப் போகாதீர்கள். நாங்கள் எண்ணவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள்.