ஓஎம்ஆர் நிதித் தலைவர்களுக்கு ஒரு மடல்: ஐந்து நாள் உத்தரவு போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

வணக்கம்.

சென்னையின் ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை, ஐநூறு பேரோ ஆயிரம் பேரோ வேலை பார்க்கும் நடுத்தர மென்பொருள் நிறுவனங்களில் நிதிப் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனிதவளத் துறைக்கு ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஊழியர்களின் நிம்மதி, குடும்பம், மெட்ரோ வேலையால் குறுகிப்போன சாலை என்று அவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் இனி வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்ற மின்னஞ்சல் உங்கள் ஒப்புதல் இல்லாமல் போகாது, அதனால் உங்களிடம் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இதே சாலையில் ஒரு நிறுவனத்தில் பல வருடம் அட்மின் கணக்கு பார்த்தவன் நான். வாடகை, டீசல், கேப் பில் எல்லாம் என் கையைத் தாண்டிப் போனவைதான்.

ஐந்து நாள் உத்தரவுக்கு முதலில் சொல்லப்படும் காரணம் காலி இருக்கைகள். மாதாமாதம் இவ்வளவு வாடகை கட்டுகிறோம், பாதித் தளம் சும்மா கிடக்கிறதே என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லாக்-இன், அதாவது லீஸை இடையில் முறிக்க முடியாத காலம், முடியும்வரை அந்த வாடகை ஆள் வந்தாலும் போகும், வராவிட்டாலும் போகும். எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. கூடுதலாக ஏசி ஓட வேண்டும், கேன்டீன் மானியம் ஏறும், மின்வெட்டு வந்தால் ஜென்செட் இன்னும் அதிகச் சுமையை இழுக்கும், ஹவுஸ்கீப்பிங் ஆட்களைக் கூட்ட வேண்டும், கேப் ரூட்டுகள் பெருகும். கட்டிய வாடகையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அதன் மேல் இன்னொரு செலவை அடுக்குகிறீர்கள்.

ஹைப்ரிட், அதாவது சில நாள் அலுவலகம், சில நாள் வீட்டிலிருந்து வேலை, என்று அறிவித்துவிட்டாலே பணம் மிச்சமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பல நிறுவனங்களில் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள், எந்த மூன்று நாள் என்று சொல்லவில்லை. எல்லோரும் செவ்வாய், புதன், வியாழன் என்று வந்தார்கள். அந்த மூன்று நாளும் தளம் நிரம்பி வழிந்தது, திங்களும் வெள்ளியும் காற்றாடியது. இப்படி நடந்தால் ஒரு இருக்கையைக்கூடக் குறைக்க முடியாது, ஏனென்றால் இடம் எவ்வளவு வேண்டும் என்பதை வாரத்தின் மிக நெரிசலான நாள்தான் முடிவு செய்கிறது. டீம்வாரியாக நாட்களைப் பிரித்துக் கொடுத்து, சேர்ந்து வேலை செய்யும் இரண்டு டீம்களுக்கு ஒரு நாளாவது பொதுவாக வரும்படி அட்டவணை போட்டால்தான் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். அலுப்பான வேலைதான், ஆனாலும் பணம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், எண்களை உங்கள் நிறுவனத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். 600 பேர், ஆளுக்கு 80 சதுர அடி, வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் சேர்த்துச் சதுர அடிக்கு மாதம் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இருக்கைக்கு மாதம் 6,400 ரூபாய். வாரம் மூன்று நாள், டீம்கள் பிரிந்து வந்தால் ஒரு நாளில் சராசரியாக 360 பேர் இருப்பார்கள். ஏற்ற இறக்கத்துக்காக 420 இருக்கை வைத்தாலும் 180 இருக்கை மிச்சம். மாதம் 11.52 லட்சம், வருடத்துக்கு ஏறக்குறைய 1.38 கோடி. மின்சாரம், கேப் எதையும் இதில் நான் சேர்க்கவில்லை.

சரி, அடுத்ததுதான் பெரிய விஷயம். அட்ரிஷன், அதாவது ஊழியர்கள் வேலையை விட்டுப் போவது. வாடகை உங்கள் தாளில் ஒரே வரியாக வருகிறது, அதனால் அது உறுத்துகிறது. ஒருவர் ராஜினாமா செய்வதால் ஆகும் செலவு அப்படி ஒரே இடத்தில் வருவதில்லை. புது ஆளைத் தேடித் தரும் கன்சல்டன்சிக்குக் கொடுக்கும் கமிஷன் ஒரு தலைப்பில் இருக்கும். புதிதாக வருபவர் கேட்கும் கூடுதல் சம்பளம் சம்பளக் கணக்கில் கலந்துவிடும். அவர் புராஜெக்டைப் புரிந்துகொண்டு உருப்படியாக வேலை செய்ய ஆகும் இரண்டு மூன்று மாதம் எந்தத் தலைப்பிலும் வராது, நோட்டீஸ் பீரியடில் மனசு வேறெங்கோ இருக்கும் ஆளுக்குக் கொடுத்த சம்பளமும் வராது. வருடம் 12 லட்சம் வாங்குபவர் ஒருவர் போனால் கமிஷன் சுமார் 1 லட்சம், பழகும் காலத்தில் வீணாவது 1.5 லட்சம், சம்பள வித்தியாசம் 2 லட்சம் என்று வைத்தாலே 4.5 லட்சம் ஆகிறது. அதே 600 பேரில் 15 சதவீதம், அதாவது 90 பேர், வருடத்துக்கு வெளியேறுகிறார்கள் என்றால் மொத்தத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஹைப்ரிட் இதைக் குறைக்குமா என்று கேட்பீர்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கொடுத்தார்கள், மற்றவர்கள் ஐந்து நாளும் அலுவலகம் வந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவுகளின்படி, ஹைப்ரிட் குழுவில் வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அடுத்த இரண்டு வருடப் பணி மதிப்பீடுகளிலும் பதவி உயர்விலும் எந்த வித்தியாசமும் இல்லை. பெண்களும், தொலைவிலிருந்து வருபவர்களும், மேலாளர் அல்லாதவர்களும்தான் அதிகம் தங்கினார்கள். தொடங்கும் முன் உற்பத்தித்திறன் குறையும் என்று சொன்ன மேலாளர்களே, முடிந்த பிறகு சற்றுக் கூடும் என்று சொன்னார்கள். ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் அந்த நிறுவனத்தின் இணை நிறுவனர் ஜேம்ஸ் லியாங் என்பதையும் கவனியுங்கள், முடிவு தெரிந்ததும் நிறுவனம் முழுவதற்கும் ஹைப்ரிட்டை விரித்தார்கள். உங்கள் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டாம், ஐந்தில் ஒரு பங்கு, 18 பேர் தங்கினாலே 81 லட்சம்.

டிசிஎஸ் போன்ற பெரிய நிறுவனமே 2023 அக்டோபரில் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டதே என்ற பதிலை நிறையக் கேட்டிருக்கிறேன். சிறுசேரியில் சொந்தமாக வளாகம் கட்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கும், மூன்று தளத்தை லீஸுக்கு எடுத்திருக்கும் உங்கள் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது. அவர்களுக்கு வாடகையைக் குறைக்கும் வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள முடியும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், முதல் ஆறு மாதம் அவர்களை ஐந்து நாளும் வரச் சொல்லுங்கள், கூடவே வழிகாட்டும் சீனியரின் நாட்களையும் அதற்கேற்ப மாற்றுங்கள். இதற்காக பதினைந்து வருட அனுபவம் உள்ளவரைத் தினமும் கேளம்பாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் அலையவிட வேண்டியதில்லை.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெருங்குடி பக்கமெல்லாம் தண்ணீர் நின்று, கரண்டும் நெட்டும் போனபோது, ஊரிலிருந்து வேலை செய்ய அனுமதி பெற்றிருந்த சிலர்தான் பல டீம்களின் டெலிவரியைக் காப்பாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்துத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கியபோது சென்னை ஆட்கள் அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் எவ்வளவு என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வருடாவருடம் மழை வரும் ஊரில், தயாராகப் பழகிய ஒரு ஏற்பாட்டைக் கையை விட்டுக் கலைப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

செலவும் உண்டு, மறைக்கவில்லை. நல்ல லேப்டாப், பாதுகாப்பு மென்பொருள், விபிஎன், இருக்கை முன்பதிவு செய்ய ஒரு செயலி, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆனால் இதில் பெரும்பகுதியை 2020இலேயே செலவழித்துவிட்டீர்கள்.

நான் கேட்பது இதுதான். அந்த மின்னஞ்சலுக்கு ஒப்புதல் தரும் முன், அட்மினிடமிருந்து ஒவ்வொரு நாளும் எத்தனை பேட்ஜ் பதிவானது என்ற கணக்கையும், மனிதவளத்திடமிருந்து கடந்த இரண்டு வருடத்தில் போனவர்கள் பட்டியலையும் வாங்கி, லீஸ் ஒப்பந்தத்தோடு ஒரே தாளில் வையுங்கள். லாக்-இன் எப்போது முடிகிறது, பாதித் தளத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டட உரிமையாளரிடம் புதுப்பிக்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பேச்சை எடுத்தால்தான் இறங்கி வருவார், கடைசி மாதத்தில் போனால் ஏற்றிய வாடகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதனால் இந்தக் காலாண்டிலேயே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.